படிக்கும் கிலோவுக்கும் என்ன கணக்கு?

தை, ஆவணி முகூர்த்தங்கள் நெருங்க நெருங்க ஏரல் கடைவீதியில் பலசரக்குக் கடைகளுக்குச் சாமான் சிட்டைகள் வந்து சேரும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குக் கூட்டம் திரளும்போது அன்னதானச் சிட்டைகளும் சேர்ந்துகொள்ளும். இந்தச் சிட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சொல்பவர் தவசுப்பிள்ளை. எழுதுபவர் கல்யாண வீட்டுக்காரர். நிறுத்துக் கொடுப்பவர் நாம். மூவரும் மூன்று விதமான கணக்கில் இருக்கிறோம் என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

சென்ற பருவத்தில் நமது கடைக்கு வந்த ஒரு சிட்டையையே எடுத்துக்கொள்வோம். அரிசி 40 படி, துவரம்பருப்பு 12 படி, மல்லி 4 படி, மிளகு 3 உழக்கு, நல்லெண்ணெய் 30 லிட்டர் என்று தவசுப்பிள்ளை சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் படித்தவர். கடைக்காரருக்குச் சிரமம் வேண்டாம் என்று எண்ணி, படி ஒன்றுக்கு ஒன்றரை கிலோ என்று எல்லாவற்றையும் கிலோவாக மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். அரிசி 60 கிலோ, பருப்பு 18 கிலோ, மல்லி 6 கிலோ, மிளகு 1 கிலோ 125. நாமும் கூட்ட நேரத்தில் சிட்டையில் உள்ளபடியே கட்டி அனுப்பிவிட்டோம். மறுநாள் காலையில் தவசுப்பிள்ளையிடமிருந்து தொலைபேசி: "என்ன அண்ணாச்சி, மல்லிய மூட மூடயா அனுப்பிருக்கிய? கடை வைக்கச் சொல்லுதியளா?"

கல்யாணம் முடிந்து மிச்சச் சாமான் திரும்பி வந்தது. நம் பக்கத்து வழக்கப்படி கட்டுப் பிரிக்காததை வாங்கிக்கொண்டோம். பிரித்ததை வாங்க முடியவில்லை. அதில் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். நாலு கிலோ மல்லியும் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மிளகும் என்றால் இன்றைய விலையில் சிறு தொகையல்ல. தப்பு யார்மீது என்று பார்த்தால் ஒருவர்மீதும் இல்லை. 'படிக்கு ஒன்றரை கிலோ' என்ற வாய்ப்பாடு ஒன்றுதான் தப்பு.

எடையை எடையாக மாற்றுவதில் சிக்கல் கிடையாது. ஒரு பலம் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை, அதாவது 1 கிலோ 400. எட்டு வீசை ஒரு மணங்கு, 11 கிலோ 200. புளியானாலும் இரும்பானாலும் இந்தக் கணக்கு மாறாது. நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் இன்றும் பலத்தைத் தயக்கமின்றிக் கிராமாக்கிக் கொடுப்பது இதனால்தான். படி அப்படிப்பட்டதல்ல. அது இடத்தை அளக்கிறது. தராசு கனத்தை அளக்கிறது. ஒரே படியில் உப்பும் கொள்ளும், பொரியும் கொள்ளும். ஆகவே படிக்கு இத்தனை கிலோ என்று ஒரே எண் இருக்கவே முடியாது. சரக்குக்குச் சரக்கு தனி எண் வேண்டும்.

பழைய முகத்தல் வாய்ப்பாட்டை இளைய அங்கத்தினர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுவோம். 2 ஆழாக்கு ஒரு உழக்கு. 2 உழக்கு ஒரு உரி. 2 உரி ஒரு படி, அதையே நாழி என்பதும் உண்டு. 8 படி ஒரு மரக்கால். நம் தாமிரபரணிப் பக்கத்தில் நெல்லுக்கு 21 மரக்கால் ஒரு கோட்டை. வயலின் பரப்பைக்கூட 'இத்தனை மரக்கால் விதைப்பாடு' என்று விதையின் அளவால் சொன்ன ஊர்கள் இவை. அளவு என்றாலே முகத்தல்தான் என்று ஊறிப்போன மண்ணில் கிலோ வந்து நுழைந்தது. 1956-இல் மத்திய அரசு எடையளவுகளுக்கான தரச் சட்டத்தை இயற்றியது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் புழக்கத்துக்கு வரத் தொடங்கின. 1962 ஏப்ரல் முதல் அவை கட்டாயமாயின. கடையில் படிக்கற்கள் மாறிவிட்டன. அடுப்படி மாறவில்லை. 1967 தேர்தலில் தமிழகத்தில் அளிக்கப்பட்ட பெரிய வாக்குறுதியே 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்றுதான் இருந்தது. அதில் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் அந்த ஆண்டிலேயே சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. 2008-இல் ரேஷன் அரிசி ஒரு ரூபாய்க்கு வந்தபோது அது கிலோவாக வந்தது. அரசாங்கம் நாற்பது வருஷத்தில் மாறிவிட்டது. தவசுப்பிள்ளைமார் மாறுவதாக இல்லை. அவர்கள் மாற வேண்டிய அவசியமும் இல்லை என்பது நமது அபிப்பிராயம். பாத்திரத்தில் எத்தனை படி அரிசி வேகும், அதற்கு எத்தனை படி தண்ணீர் என்பது அவர்களுக்கு இடக் கணக்கு. தராசு வைத்துக்கொண்டு சோறு வடிக்க முடியாது.

முதலில் படியை அளங்கள்

படி என்று சொல்லிவிட்டோமே தவிர, எந்தப் படி? பட்டணம் படி, சின்னப் படி, பக்கா என்று ஊருக்கு ஊர் வேறுபட்டது. பழைய பித்தளைப் படியும் இன்று பாத்திரக் கடையில் விற்கும் எவர்சில்வர் படியும் ஒன்றாக இருப்பதில்லை. இதற்கு எளிய வழி தண்ணீர். ஒரு மில்லி லிட்டர் தண்ணீர் ஒரு கிராம். காலிப் படியைத் தராசில் வைத்துச் சுழி செய்துவிட்டு, விளிம்பு மட்டம் தண்ணீர் ஊற்றுங்கள். எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லி லிட்டர் உங்கள் படி. நமது கடையில் தாத்தா காலத்திலிருந்து கிடக்கும் படி 1,600 கிராம் தண்ணீர் கொண்டது. ஆக உழக்கு 400 மில்லி, ஆழாக்கு 200 மில்லி. கீழே சொல்லும் கணக்கெல்லாம் இந்தப் படிக்குத்தான். உங்கள் படி வேறானால் எண்ணும் வேறாகும்.

அடுத்து, முத்திரையிட்ட ஒரு லிட்டர் அளவையை எடுத்து, தட்டாமல் குலுக்காமல் சரக்கைச் சொரிந்து, ஒரு குச்சியால் தலை வழித்து நிறுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றையும் மூன்று தரம் நிறுத்துச் சராசரி எடுத்தோம். சாப்பாட்டு அரிசி லிட்டர் 820 கிராம் நின்றது. துவரம்பருப்பு 830. உருட்டு உளுந்தும் சீனியும் 850-ஐ ஒட்டி. ரவை 700, கடுகும் ஏறத்தாழ அவ்வளவே. சீரகம் 430. மல்லி 330 தான். தூள் உப்பு 1,200-க்கு வந்தது. கல்லுப்பு அதைவிடக் குறைவு. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்றுதானே இருக்கிறது. பொரி 100 கிராம் நின்றால் பெரிது.

இப்போது அந்தக் கல்யாணச் சிட்டைக்குத் திரும்புவோம். 40 படி அரிசி 52 கிலோ 480-தான்; வீட்டுக்காரர் எழுதியது 60. பருப்பு 16 கிலோ போதும், எழுதியது 18. மிளகு 3 உழக்கு 660 கிராம். மல்லி 2 கிலோ 100 சொச்சம். போனதோ 6 கிலோ. அரிசியில் ஏழில் ஒரு பங்கு கூடினால் விருந்தாளிகள் மேல் பழி போட்டுச் சமாளிக்கலாம். மல்லி மூன்று மடங்காகிவிட்டால் யார் மேல் போடுவது?

இந்த எண்களை அப்படியே உங்கள் கடையில் ஒட்டி வைத்துவிட வேண்டாம். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும், பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும், சன்ன ரகத்துக்கும் மோட்டாவுக்கும் வித்தியாசம் வரும். அளக்கிற கைக்கும் வரும். படியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் அரிசி உள்ளே இறங்கி இன்னொரு பிடிக்கு இடம் விடும். தலை தட்டி அளப்பதும் கோபுரம் கட்டி அளப்பதும் ஒன்றல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோபுரத்தில்தான் அந்தக் காலத்து வாங்குகிறவன், விற்கிறவன் சண்டை முழுவதும் நடந்தது. மாவு வகைகளில் இது இன்னும் மோசம். சலித்துச் சொரிந்த மைதா லிட்டர் 500 கிராம். அதையே அமுக்கினால் 600-ஐத் தாண்டுகிறது. பேக்கரிக்காரர்கள் மைதாவை எடை போட்டே எடுப்பதற்குக் காரணம் இதுதான். உப்பில் வேறொரு வேடிக்கை. நம் கடலோரக் காற்றில் ஈரம் வாங்கிய கல்லுப்பு எடையில் கூடும். ஈரம் வடிந்த பிறகு மூட்டை குறைந்தது போலத் தோன்றும். உப்பளத்துப் பக்கம் மூட்டை எடுப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

லிட்டர் எடை குறைந்தால் சரக்கு மட்டம் என்று பார்க்கும் வியாபாரமும் உண்டு. மிளகு மொத்த வியாபாரத்தில் 500 கிராம், 550 கிராம் என்று சொல்வது ஒரு லிட்டர் மிளகின் எடையைத்தான். உலகச் சந்தையிலும் இதே பேச்சுத்தான். முற்றிய மணி கனக்கும். பிஞ்சும் பொக்கும் கலந்தால் லிட்டர் எடை இறங்கும். ஒரே மூட்டை விலையில் இரண்டு மாதிரி வந்தால் லிட்டர் அளவையில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள், தரகர் சொல்லாததை அது சொல்லும். நம் கரையில் நடந்த பழைய முத்து வியாபாரத்திலும் இப்படி இரட்டை அளவு இருந்தது. பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்துப் பருமன் பிரித்து, பிறகு எடை பார்த்து விலை வைத்தார்கள். தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்தான் கடைசி. சல்லடைக்கு வேலை போயிற்று.

எண்ணெயில்தான் பணம் போகிறது

மல்லியில் தவறினால் மனத்தாங்கல். எண்ணெயில் தவறினால் ரொக்கமாகவே கையைவிட்டுப் போகும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். மிதக்கிறது என்றால் அதே இடத்துக்கு அது கனம் குறைவு என்றுதானே அர்த்தம்? நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எதுவானாலும் ஒரு லிட்டர் 910 முதல் 920 கிராம்தான். நெய்யும் அப்படியே. சராசரியாக 915 என்று வைத்துக்கொள்வோம்.

சந்தையில் 15 கிலோ டின்னும் உண்டு, 15 லிட்டர் டின்னும் உண்டு. இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி. 15 கிலோ டின்னில் 16.4 லிட்டர் எண்ணெய் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13 கிலோ 725-தான் இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 1 கிலோ 275. கணக்குக்காகக் கிலோ 200 ரூபாய் என்று வைத்தால் டின்னுக்கு 255 ரூபாய். தொலைபேசியில் "டின் என்ன விலை?" என்று மட்டும் கேட்டு, ஐம்பது ரூபாய் மலிவு என்று புது இடத்தில் ஆர்டர் போட்டு, வந்த பிறகு டின்னைத் திருப்பிப் பார்த்து விழித்த அனுபவம் நமக்கே உண்டு. தவறு நம்முடையதுதான், டின்னில் தெளிவாகத்தான் அச்சிட்டிருந்தது.

அதே கணக்கில், கிலோ 200 என்றால் லிட்டர் 183 ரூபாய். லிட்டரை 200-க்குக் கொடுத்தால் வாடிக்கையாளர் தலையில் 17 ரூபாய் விழுகிறது. கிலோவை 183-க்குக் கொடுத்தால் நம் தலையில் விழுகிறது. ஓட்டல்களுக்கும் கல்யாணத்துக்கும் டின்னாகக் கொடுப்பவர்கள் சிட்டையில் லிட்டரா கிலோவா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அந்தச் சிட்டையில் 30 லிட்டர் நல்லெண்ணெய்க்கு 15 லிட்டர் டின் இரண்டு சரியாக இருக்கும். 15 கிலோ டின் இரண்டு கொடுத்திருந்தால் 2.8 லிட்டர் கூடுதல். டின்னை உடைத்து அளந்து ஊற்றலாமே என்று சிலர் கேட்கலாம். சமையல் எண்ணெயைப் பொட்டலமிட்டு விவரச்சீட்டு ஒட்டாமல் உதிரியாக விற்கக் கூடாது என்பது 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை. அதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று, சூடு. எண்ணெய் சூடானால் விரியும். அதே லிட்டருக்குள் குறைந்த எடைதான் அடங்கும். மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் காட்டிய கணக்கு இது: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். பொட்டலத்தின் மேல் '1 லிட்டர்' என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு உயர்ந்த வெப்பநிலையையும் போட்டுவிட்டால், சட்டப்படி பேசியதாகவும் ஆயிற்று, பொட்டலத்துக்கு 26 கிராம் மிச்சம் பிடித்ததாகவும் ஆயிற்று. நம் ஊர் சித்திரை வெயிலில்கூட 60 டிகிரியில் எவரும் எண்ணெய் வாங்குவதில்லை. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் கொள்ளளவையும் எடையையும் சேர்த்தே அச்சிட வேண்டும், 2023 ஜனவரி 15-க்குள் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அத்துறை உற்பத்தியாளர்களையும் பொட்டலமிடுவோரையும் இறக்குமதியாளர்களையும் அறிவுறுத்தியது. ஆகவே பாக்கெட் வாங்கும்போது லிட்டரை மட்டும் பாராமல் கிராமையும் பாருங்கள். நிர்ணயப் பொட்டல அளவுகள் 2022-இல் விலக்கப்பட்ட பிறகு, லிட்டர் பாக்கெட் போலவே தோன்றும் குறைந்த அளவுப் பாக்கெட்டுகளும் வருகின்றன. வாடிக்கையாளர் கம்பெனியைக் கேட்கமாட்டார், நம்மைத்தான் கேட்பார்.

மார்கழி விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டால் லிட்டருக்கு அங்கே வேலையே இல்லை. எடை மட்டும் மாறாமல் இருக்கும். தேன் இதற்கு நேர் எதிர். லிட்டர் 1 கிலோ 400 வரை வரும். தேன் ஒரு கிலோ கேட்டவருக்கு 1 லிட்டர் பாட்டிலைக் கொடுத்தால் 400 கிராம் தானம். பால் 1,030 கிராம், தண்ணீரை ஒட்டியே போகும்.

கப், ஸ்பூன் கேட்டு வருபவர்கள்

இப்போது இளம் பெண்பிள்ளைகள் கைபேசியில் சமையல் குறிப்பைப் பார்த்துக்கொண்டே கடையில் நின்று, "அண்ணாச்சி, ரெண்டு கப் அரிசின்னா எத்தன கிலோ?" என்று கேட்கிறார்கள். எந்தக் கப் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும். புத்தகங்களில் வரும் கப் 240 அல்லது 250 மில்லி. அரிசி 200 கிராம், கிலோவுக்கு ஐந்து கப். மின்சாரக் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லி. அரிசி 150 கிராம், கிலோவுக்கு ஏழு கப்புக்குச் சற்றுக் குறையும். நம் ஆழாக்கு நடுவில் நிற்கிறது, கிலோவுக்கு ஆறு. மேசைக் கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி. தேக்கரண்டி நிறையத் தூள் உப்பு 6 கிராம், சீனி 4 கிராம். கல்லுப்பில் பழகிய கை தூள் உப்புக்கு மாறும்போது குழம்பு கரிப்பதற்கு இதுதான் காரணம். உப்பின்மேல் குறை சொல்லிக்கொண்டு வருபவரிடம் பொறுமையாகச் சொல்லலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக: படியும் உழக்கும் அடுக்களையில் இருக்கலாம், விலைப்பலகையில் இருக்கக் கூடாது. 2011 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டமுறை எடையளவு சட்டம், 2009, மெட்ரிக் அலகுகளைத் தவிர வேறு அளவில் விலை சொல்வதையும் பில் எழுதுவதையும் தடை செய்கிறது. சிட்டை படியில் வரட்டும். நமது பில் கிலோவில் போகட்டும். எடைக்கற்களுக்கும் லிட்டர் அளவைகளுக்கும் இரண்டாண்டுக்கு ஒரு முறை, மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மறுமுத்திரை. ஐந்து கிராம் பிரிவுள்ள கடைத் தராசில் 100 கிராமுக்குக் கீழே நிறுப்பது சரியல்ல. ஏலம், கிராம்பு விற்பவர்கள் சின்னத் தராசு ஒன்று தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

இந்த எடைப் பட்டியலை நாம் போட்டது கல்யாணச் சிட்டைக்காக அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி ஏரல் கடைவீதிக்குள் வந்தபோது நமது மின்னணுத் தராசுகள் சேற்றில் போயின. தண்ணீர் வடிந்த பின்னும் மின்சாரம் இல்லை. பொதுச் சமையலுக்கு வெளியூர்களிலிருந்து அரிசி மூட்டை மூட்டையாக வந்தது. ஒரு மூட்டையை எத்தனை தெருவுக்குப் பங்கு வைப்பது, ஒரு வேளைக்கு எத்தனை மூட்டை உடைப்பது என்று கேட்டார்கள். பரணிலிருந்து இறக்கிய பழைய படிதான் கையில் இருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்து அளந்து எண்ணினோம். 25 கிலோ சிப்பம் 19 படி. 2022-இல் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்தபின் புறப்பட்ட 26 கிலோ சிப்பமானால் ஏறத்தாழ 20 படி. சமையல் பொறுப்பில் இருந்தவர் அதைச் சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொண்டார். பின்னர் தராசு பழுது பார்த்து வந்து, மறுமுத்திரை இட்டு வாங்கிய பிறகுதான் மற்றச் சரக்குகளையும் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்கத் தோன்றியது.

இவ்வளவையும் நிறுத்து வைத்திருந்தும் அந்தக் கல்யாணச் சிட்டையில் ஏமாந்தோம். பட்டியல் கல்லாப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்தது. இப்போது அட்டையில் எழுதித் தராசுக்கு மேலே தொங்குகிறது. சிட்டையில் மல்லி 2 கிலோவுக்கு மேல் கண்டால் பையன்களே நிறுத்திவிட்டு, தவசுப்பிள்ளைக்குப் போன் போடுகிறார்கள்.